தேதி மட்டும் எழுதப்பட்ட பக்கங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேர்வுக் காலம் நெருங்கிவிட்டால், எப்படிப் படிப்பது, எத்தனை மணிக்கு எழுவது, விடைத்தாளை எப்படித் திருத்தமாக எழுதுவது என்றெல்லாம் நாளிதழ்களின் கல்விப் பக்கங்களில் கட்டுரைகள் தொடர்ந்து வெளிவருகின்றன. அவை பயனுள்ளவை, நானே பலவற்றை வெட்டியெடுத்து என் மாணவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால், படிக்க வேண்டும் என்று நினைக்கிற மாணவரால் படித்துவிட முடியும், அவருக்கு முறை தெரியாததுதான் குறை என்ற எண்ணம் அக்கட்டுரைகள் அனைத்துக்கும் அடியில் இருக்கிறது. படிக்க வேண்டும் என்ற விருப்பம் இருந்தும், புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரிகூட மனத்தில் இறங்காத நிலைக்கு வந்துவிட்ட மாணவர்களைப் பற்றி அதிகம் எழுதப்படுவதில்லை. 23 ஆண்டுகளாகக் கல்லூரியில் பாடம் நடத்தி வருபவள் என்ற முறையில், அவர்களைப் பற்றியும், அவர்களில் ஒருவரை நான் எவ்வளவு தவறாகப் புரிந்துகொண்டேன் என்பதைப் பற்றியும் எழுத விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தார். (அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன்.) முதலாண்டில், மற்றவர்களுக்குக் காட்டுவதற்கென்றே அவருடைய நோட்டை நான் வாங்கி வைத்துக்கொள்வதுண்டு. இடது ஓரத்தில் பென்சில் கோடு, தலைப்புக்கு நீல மை, வரையறைக்குக் கறுப்பு மை என்று இருக்கும். போகிற போக்கில் கரும்பலகையின் மூலையில் நான் எழுதிய எடுத்துக்காட்டுகூட விடுபட்டிருக்காது. ஐந்தாம் செமஸ்டரில் இன்டர்னல் மதிப்பெண்ணுக்காக எல்லோருடைய நோட்டுகளையும் வாங்கினேன். அவருடைய நோட்டில் முதல் சில பக்கங்கள் பழையபடியே இருந்தன. அதற்குப் பின் ஓரக்கோடு காணாமல் போயிற்று. இரண்டு மை ஒரே மை ஆயிற்று. வாக்கியங்கள் பாதியில் நின்றன. கடைசிப் பதினைந்து பக்கங்களில் வலது மூலையில் தேதி மட்டும் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. ஒரு நாள் தவறாமல் வகுப்புக்கு வந்து, நோட்டைத் திறந்து, தேதியை எழுதிவிட்டு, அந்த ஒரு மணி நேரமும் அவர் அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறார். கடைசிப் பக்கத்தின் அடியில் நான் சிவப்பு மையில், 'அலட்சியம். கூடுதல் முயற்சி தேவை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, படிப்பை நிறுத்திக்கொள்வதற்கான கடிதத்தோடு அவர் என் முன் வந்து நின்றார். உட்காரச் சொல்லிப் பேச்சுக் கொடுத்தபோது அவர் சொன்ன சொற்கள் எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கின்றன. "அழுகை வந்தாக்கூடப் பரவாயில்ல மேடம், ஒண்ணுமே வரல. புத்தகத்தத் திறந்து வச்சுட்டுக் கல்லு மாதிரி உக்காந்திருக்கேன்." நான்காம் செமஸ்டரில் மதிப்பெண் சற்றுக் குறைந்ததும் தூக்கத்தை நான்கு மணி நேரமாகக் குறைத்துக்கொண்டு படித்திருக்கிறார். மதிப்பெண் மேலும் குறைந்திருக்கிறது. அதைக் கண்டு இன்னும் அதிகமாகப் படிக்க உட்கார்ந்திருக்கிறார். அதாவது, நான் சிவப்பு மையில் பரிந்துரைத்த மருந்தை அவர் ஏற்கெனவே ஓராண்டாக உட்கொண்டு வந்திருந்தார்.

மாணவர்கள் இந்த நிலையைப் 'பர்ன் அவுட்' என்றுதான் சொல்கிறார்கள். தமிழில் இதற்கு இன்னும் ஒரு சொல் நிலைபெறவில்லை. மனச்சோர்வு என்றால் 'டிப்ரஷன்' என்ற நோயோடு குழம்பிவிடுகிறது. சலிப்பு என்றால் கனம் போதவில்லை. பேச்சில் 'ஓஞ்சு போயிட்டேன்' என்று சொல்கிறோமே, அது நெருங்கி வருகிறது. இக்கடிதத்தில் அயர்ச்சி என்று குறிப்பிடுகிறேன்.

இந்த நிலைக்கு உளவியலில் முதலில் பெயர் வைத்தவர்களுள் முக்கியமானவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ மையத்தில் தன்னோடு பணியாற்றிய தொண்டர்களிடமும் தன்னிடமும் கண்டதை அவர் 1974-இல் கட்டுரையாக எழுதினார். அர்ப்பணிப்பும் ஈடுபாடும் மிகுந்தவர்களே இந்த நிலைக்கு எளிதில் ஆளாகிறார்கள் என்று அவர் அப்போதே குறிப்பிட்டிருக்கிறார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் ஆகியோர் 1981-இல் இதை அளப்பதற்கான வினாப்பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். முதலில் மருத்துவம், சமூகப்பணி, ஆசிரியப்பணி போன்ற துறையினருக்காக உருவான அந்த அளவுகோலை, வில்மார் ஷவுஃபெலியும் உடன் ஆய்வாளர்களும் மாணவர்களுக்கு ஏற்றவாறு மாற்றியமைத்து, ஸ்பெயின், போர்ச்சுகல், நெதர்லாந்து ஆகிய நாடுகளின் பல்கலைக்கழக மாணவர்களிடம் பயன்படுத்தி 2002-இல் ஆய்வு வெளியிட்டார்கள். ஆகவே, மாணவர்கள் சொல்லும் இந்தச் சொல் இன்றைய தலைமுறை இணையத்தில் கற்றுக்கொண்ட சாக்கு என்று ஆசிரியர் ஓய்வறையில் யாராவது கூறினால், அது உண்மையன்று.

அந்த அளவுகோல் மூன்று கூறுகளைப் பார்க்கிறது. முதலாவது, உறங்கி எழுந்தாலும் தீராத களைப்பு. இதைப் பெரும்பாலும் எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள். மூன்றாவது, எதையும் உருப்படியாகச் செய்ய நம்மால் ஆகாது என்ற எண்ணம். இடையிலுள்ள இரண்டாவது கூறைத்தான் நாம் மிகவும் தவறாகப் படிக்கிறோம் என்று நினைக்கிறேன். படிப்பின்மீது ஓர் ஒட்டாத்தன்மையும் அவநம்பிக்கையும் வந்துவிடுகின்றன. "இதப் படிச்சு என்ன ஆகப் போகுது?" என்று கேட்கிறார்கள், கடைசி வரிசைக்குப் போய்விடுகிறார்கள், கேள்வி கேட்டால் தோளைக் குலுக்குகிறார்கள். நாம் அதைத் திமிர் என்கிறோம். உண்மையில் பலருக்கு அது தற்காப்பு. ஒரு காலத்தில் உயிராக நினைத்த பாடத்தில் தோற்றுக்கொண்டே இருப்பதன் வலியைத் தாங்க, அந்தப் பாடமே தனக்கு முக்கியமில்லை என்று மனம் விலகி நின்றுகொள்கிறது. இதைத் திமிர் என்று எண்ணி வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொள்ளும்போது, மிச்சமிருக்கும் ஒட்டுதலையும் நாமே அறுத்துவிடுகிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2019-இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 11-ஆவது பதிப்பு, அயர்ச்சியை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. சரிவரக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே அது விவரிக்கிறது. பணிச் சூழலைத் தவிர வாழ்க்கையின் பிற பகுதிகளுக்கு இச்சொல்லைப் பயன்படுத்தலாகாது என்றும் கூறுகிறது. அந்த வரையறையை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் மாணவருக்கு அயர்ச்சி வரக் கூடாது. ஆனால் காலக்கெடு, மதிப்பீடு, மேலிருந்து வரும் கட்டளை, தவறினால் தண்டனை என்று ஒரு பணியிடத்துக்குரிய எல்லாமே படிப்பில் இருக்கின்றன. பணியில் இருப்பவருக்கு, குறித்த நேரத்து மணி அடித்ததும் வேலை முடிந்தது என்று சொல்லிக்கொள்ளவாவது இடமிருக்கிறது. மாணவருக்கு அந்த மணி அடிப்பதேயில்லை. இரவு பதினொரு மணிக்கு அவர் எதைச் செய்தாலும், அந்நேரத்தில் படித்திருக்கலாமே என்ற உறுத்தல் கூடவே உட்கார்ந்திருக்கிறது.

அயர்ச்சியையும் சோம்பலையும் பிரித்தறிய நான் இப்போது இந்த உறுத்தலைத்தான் முதலில் பார்க்கிறேன். சோம்பலாக இருப்பவருக்கு ஓய்வு இனிக்கும். மாலை முழுவதும் விளையாடிவிட்டு மலர்ந்த முகத்தோடு வருவார். அயர்ந்தவருக்கு ஓய்வும் கசக்கும். நள்ளிரவு தாண்டியும் கைபேசியை விரலால் தள்ளிக்கொண்டே படுத்திருப்பார். கேட்டால், அதில் என்ன பார்த்தோம் என்றுகூட அவருக்குச் சொல்லத் தெரியாது. அவர் படித்ததும் இல்லை, இளைப்பாறியதும் இல்லை. மறுநாள் காலையில் அந்த இரவையும் சேர்த்துத் தன்னைத் திட்டிக்கொள்வார்.

இது எப்படி வளர்கிறது என்பது மாணவர்களுக்குத் தெரிந்திருந்தால் பாதியிலாவது நிறுத்திக்கொள்ளலாம். பகலில் படித்தது நினைவில் உறைவதற்கு உறக்கம் வேண்டும். வயது வந்தவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேர உறக்கம் தேவை என்பது உறக்க மருத்துவர்களின் பரிந்துரை. அதை வெட்டிப் படிப்பவர், ஒரு பக்கம் நீர் ஊற்றிக்கொண்டே மறுபக்கம் குடத்தில் ஓட்டை போடுகிறார். பதின்பருவத்தில் உடலின் உள்கடிகாரம் பின்னுக்கு நகரத் தொடங்கி, ஏறத்தாழ 20 வயதில்தான் அதன் உச்சத்தை அடைகிறது. இரவு வெகுநேரம் தூக்கம் வராமலும் காலையில் எழ முடியாமலும் இருப்பது அந்த வயதின் உடலியல்பு. அந்த வயதினரைத்தான் நாம் காலையில் முதல் வேலையாக வகுப்பில் உட்கார வைக்கிறோம். மாலையில் விழித்திருப்பதற்காகக் குடிக்கும் காபியில் உள்ள காஃபீன் உடலில் பாதியாகக் குறைவதற்கே சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கிறது என்பதால், படுத்த பிறகும் உறக்கம் தள்ளிப்போகிறது.

களைத்த மனம் படிப்பதற்குத் தேர்ந்தெடுக்கும் வழியும் தவறாகப் போய்விடுகிறது. ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதும், பக்கம் முழுவதும் வண்ணக்கோடு போடுவதும் எளிது. படித்துவிட்டோம் என்ற நிறைவையும் அவை தந்துவிடுகின்றன. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்னும் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனை முடிவுகளை ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் நான் சொல்வதுண்டு. ஒரு பகுதியைப் படித்தபின், சில மாணவர்கள் அதையே மறுபடி வாசித்தார்கள். மற்றவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, எழுதிப் பார்த்தவர்களின் நினைவில்தான் அதிகம் எஞ்சியிருந்தது. என் மாணவி ஓராண்டு முழுவதும் இரவில் ஏழு மணி நேரம் வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவருக்கு முயற்சியில் குறைவில்லை. அந்த முயற்சி நினைவில் தங்காமல் வழிந்து போய்க்கொண்டிருந்தது.

இந்த நிலையில் இருக்கும் மாணவர் ஒருவர் இக்கடிதத்தை வாசிக்கக்கூடும் என்பதால் அவருக்குச் சில வார்த்தைகள். தம்பி, தங்கை, இன்னும் ஒரு புதிய கால அட்டவணை போட்டு அதைச் சுவரில் ஒட்டாதீர்கள். எதை எல்லாம் செய்வது என்பதற்கு முன், இந்த மாதம் எதை விடுவது என்று முடிவு செய்யுங்கள். ஒரு போட்டியிலிருந்து விலகலாம். கூடுதலாக எடுத்துக்கொண்ட ஒரு சான்றிதழ் வகுப்பை நிறுத்தலாம். ஒரு தாளை அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். இது தோல்வியைப் போல உறுத்தும். அந்த உறுத்தல் சில நாள் இருக்கும். படிப்புக்கு ஒரு முடிவு நேரம் வையுங்கள், அந்த நேரத்துக்குப் பிறகு வேண்டுமென்றே படிக்காதீர்கள். படுக்கப் போகும்முன் மறுநாள் செய்ய வேண்டியவற்றைத் தாளில் எழுதி மூடி வைத்துவிடுங்கள். முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, செய்ய வேண்டிய வேலைகளை ஐந்து நிமிடம் எழுதியவர்கள் விரைவில் உறங்கினார்கள் என்று 2018-இல் வெளியான ஓர் உறக்க ஆய்வு காட்டியது. படிக்கும்போது பத்துப் பக்கம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். அதை மூடிவிட்டு நான்கு வரி எழுதிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முதலாக, ஒரே ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். என் மாணவி என்னிடம் பேசுவதற்கு முன் ஓராண்டு யாரிடமும் சொல்லவில்லை. நன்றாகப் படிக்கிற பெண் என்ற பெயரே அவர் வாயைக் கட்டிவிட்டிருந்தது.

ஒன்றை மட்டும் தாமதிக்காமல் செய்ய வேண்டும். அயர்ச்சி பெரும்பாலும் படிப்பைச் சுற்றியே நிற்கும். நண்பர்களோடு இருக்கும்போதோ விடுமுறையிலோ பழைய முகம் அவ்வப்போது எட்டிப் பார்க்கும். முன்பு பிடித்த எதுவுமே பிடிக்காமல், பசியும் உறக்கமும் மாறி, தன்னைப் பற்றிய வெறுப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். மருத்துவரிடம் போக வேண்டும். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு ஆகியவையும் இதே களைப்பைத் தரும் என்பதால், இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும் நல்லது. வாழவே வேண்டாம் என்ற பேச்சு எந்த வடிவில் வந்தாலும், விளையாட்டாகச் சொன்னாலும், அவரைத் தனியே விடாமல் உடனிருந்து அன்றே மருத்துவ உதவி பெற்றுத் தர வேண்டும். இதில் ஆசிரியர், நண்பர், பெற்றோர் என்ற வேறுபாடு கிடையாது.

மேலே சொன்னவை எல்லாம் மாணவர் செய்யக்கூடியவை. ஆனால் இத்தோடு நிறுத்திக்கொண்டால், சுமையை ஏற்றியவர்கள் ஒதுங்கிக்கொண்டு, சுமப்பவரிடம் முதுகை நிமிர்த்தச் சொன்னதாகிவிடும். வேலையின் சுமை அதிகமாகவும், அதன்மீது தனக்குள்ள கட்டுப்பாடு குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் மன அழுத்தம் மிகுதியாகிறது என்று ராபர்ட் கராசெக் 1979-இலேயே ஊழியர்களைப் பற்றி எழுதினார். மாணவரின் கையில் என்ன கட்டுப்பாடு இருக்கிறது? தேர்வுத் தேதியை அவர் தீர்மானிப்பதில்லை; அசைன்மென்டின் அளவை அவர் தீர்மானிப்பதில்லை; பல நேரங்களில் எந்தப் பாடத்தைப் படிப்பது என்பதையே அவர் தீர்மானிக்கவில்லை. விடுமுறை விட்டால் சரியாகிவிடும் என்கிறோம். பணியாளர்களிடம் நடந்த ஆய்வுகளில், விடுமுறையின் பலன் வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில் கரைந்துவிடுவதாகவே கண்டிருக்கிறார்கள். திரும்பி வரும் இடம் மாறாவிட்டால் விடுமுறையால் எவ்வளவு காலம் தாங்க முடியும்?

அந்த மாணவி என்னிடம் பேசிய மறுவாரம், எங்கள் துறையில் அவருடைய வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஐந்து பேரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். பெரிய தாள் ஒன்றில் அந்த செமஸ்டரின் வாரங்களைக் கட்டம் கட்டி, அவரவர் வைத்திருந்த தேர்வுகளையும் அசைன்மென்டுகளையும் ரெக்கார்டு நோட்டுக் கெடுக்களையும் பென்சிலால் குறித்தோம். ஒன்பதாவது வாரத்தின் கட்டத்தில் எழுத இடமில்லாமல் போயிற்று. மூன்று அசைன்மென்ட், இரண்டு தேர்வு, ஒரு ரெக்கார்டு, எல்லாம் அதே ஐந்து நாட்களுக்குள் இருந்தன. ஆறாவது வாரம் ஏறக்குறையக் காலியாகக் கிடந்தது. எங்களில் யாரும் கொடுமைக்காரர் இல்லை. ஒவ்வொருவரும் தன் பாடத்துக்கு நியாயமாகத்தான் தேதி வைத்திருந்தோம். ஒருவர் தாளை மற்றவர் பார்த்ததேயில்லை, அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் தேதிகளை மாற்றி அமைத்துவிட்டோம். பாடத்திட்டத்தில் ஒரு வரியும் குறையவில்லை. அன்று முதல் ஒவ்வொரு செமஸ்டரின் முதல் வாரத்திலும் அந்தத் தாளைப் போட்டு மாணவர்களுக்குக் கொடுத்துவிடுகிறோம். தாமதமாகத் தரும் அசைன்மென்டை மறுக்காமல், குறைந்த மதிப்பெண் கழிவோடு மூன்று நாள் வரை ஏற்பது என்றும் முடிவு செய்திருக்கிறோம். வேலை செய்துகொண்டே படிப்பவர்களும், வீட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களும் அந்த மூன்று நாளைத்தான் பெரிதும் பயன்படுத்துகிறார்கள். அவர்களுடைய நெருக்கடியை அதுவரை நாங்கள் கேட்டறிந்ததே இல்லை.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். தொலைபேசியில் பிள்ளையிடம் முதல் கேள்வியாக மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். என் மாணவியின் தாயார், 'நேத்து எத்தன மணிக்குத் தூங்கின?' என்று தினமும் கேட்க ஆரம்பித்த பிறகுதான், அந்த வீட்டில் உண்மையான பேச்சே தொடங்கியது என்று அவர் பின்னாளில் என்னிடம் சொன்னார்.

அவர் படிப்பை நிறுத்தவில்லை. மருத்துவரைப் பார்த்தார், அந்த செமஸ்டரில் இரண்டு தாள்கள் மட்டும் எழுதினார், மற்றவர்களைவிட ஓராண்டு தாமதமாகப் பட்டம் பெற்றார். பழைய முதல் மதிப்பெண்கள் திரும்பி வரவில்லை. நாங்களும் அவற்றைக் கேட்கவில்லை. களைப்பு நீங்க ஏறத்தாழ எட்டு மாதம் ஆயிற்று, நடுவில் இரண்டு முறை பழைய நிலைக்கே சரிந்தார். சீக்கிரம் தேறிவிடுவார் என்று எதிர்பார்த்த எனக்கு அந்த எட்டு மாதமும் ஒரு பாடம்தான்.

தங்கள் நாளிதழ் இந்தத் தேர்வுக் காலத்திலும் படிப்புக் குறிப்புகளை வெளியிடும் என்று நம்புகிறேன். அவற்றோடு, அயர்ச்சியின் அறிகுறிகளையும், எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் ஓர் உளநல மருத்துவரைக் கொண்டு எழுதச் செய்து, ஒரு பத்தியாவது வாரந்தோறும் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கல்லூரிகளின் துறைத் தலைவர்கள் வாசிக்கும்படி, செமஸ்டர் தொடக்கத்திலும் அதை ஒரு முறை வெளியிட்டால் நல்லது. தேதிகளை மாற்றி அமைக்க அப்போதுதான் நேரம் இருக்கும்.

மாணவியின் நலன் கருதி என் பெயரையும் கல்லூரியின் பெயரையும் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கல்லூரி ஆசிரியை ஒருவர்